எல்லாருக்கும் பொதுவான அம்மா

கீழே எழுதப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் என் வாயில் மிச்சமிருக்கும் பற்களும் கொட்டிப்போகட்டும். மிச்சமிருப்பவை கொஞ்சம்தான் என்பதால், இதைச் சாதாரணச் சத்தியம் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது.

விளக்குக்காரி முதல் நாள் தன் மேசையில் உட்கார்ந்தபோது அதன் கைப்பிடி அவள் விலாவில் இடித்தது. மேசைக்கு ஏது கைப்பிடி என்றால், அது மேசை அல்ல, கதவு. சமூகத்துக்கு நல்லது செய்து அதிலேயே பிழைப்பும் நடத்த நினைப்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்யட்டும் என்று அந்தக் கூட்டு அலுவலகத்தை அமைத்த நிறுவனர், மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவே கதவு இருக்கிறவரை உலகம் உருப்படாது என்று நம்பினார். பழைய தங்கும் விடுதி ஒன்றைப் பிடித்து, கதவுகளையெல்லாம் கழற்றி, கால் வைத்து மேசையாக்கிவிட்டார். கழிவறைக் கதவும் போயிற்று. ஊருக்கெல்லாம் மலிவு விலையில் கழிப்பறை செய்து கொடுக்கும் கழிப்பறையண்ணன், தன் தொழிலுக்கே இது அவமானம் என்று தண்ணீர் குடிக்காமல் போராடியபிறகுதான் அங்கே ஒரு திரைச்சீலை வந்தது. இடிக்காமல் விட்ட ஒற்றைச் சுவரில் செடி வளர்த்தார்கள். அது எவ்வளவு செழிப்பாக வளர்ந்தது என்றால், காலையில் ஆணியில் மாட்டிய குடையைச் சாயங்காலம் இலைகளை விலக்கித்தான் தேட வேண்டும். அசையாமல் உட்கார்ந்து யோசிக்கும் வழக்கமுள்ள கொசுவலைக்காரரின் சட்டைப்பைக்குள் ஒருநாள் கொடி ஏறிவிட்டது. அவருக்கு வலிக்கக்கூடாதே என்று பார்த்துப் பார்த்துத்தான் வெட்டினார்கள். அந்தச் சுவரில் செடி மறைக்காத ஒரே இடத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: ‘இங்கே எதுவும் யாருக்கும் தனிச்சொத்து அல்ல.’ பால், சார்ஜர், குடை, யோசனை, தலைவலி மாத்திரை எல்லாம் பொது. அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமும் இல்லை. யார் எந்தக் கஷ்டத்தைத் தீர்க்க வந்தார்களோ அந்தக் கஷ்டமே அவர்கள் பெயர்.

விளக்குக்காரிக்கு அந்தப் பெயர் வந்தது அவள் செய்த பெட்டியால். காது கேளாதவர்களுக்கான பெட்டி. வாசல் மணி அடித்தால் பச்சை விளக்கு, குழாய் மூடாமல் ஓடினால் நீலம், யாராவது கூப்பிட்டால் மஞ்சள். கூடவே மணிக்கட்டில் கட்டிய பட்டை ஒரு துடிப்புத் துடிக்கும். எல்லாம் அம்மாவுக்காகச் செய்தது. அப்பா போனபிறகு துணைக்கென்று வந்து தங்கிய அத்தை, எழுந்ததிலிருந்து படுக்கும்வரை ஓயாமல் புத்தி சொல்லிக்கொண்டிருந்த காலத்தில்தான் அம்மாவுக்குக் காது போயிற்று. மருத்துவர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, பழுது ஒன்றும் தெரியவில்லை, நரம்பாக இருக்கலாம் என்றார். காது கொடுத்துக் கேட்க ஆளில்லாத வீட்டில் தனக்கு என்ன வேலை என்று கொஞ்ச நாளில் அத்தையும் மூட்டை கட்டிவிட்டாள். காதுதான் திரும்பி வரவில்லை. மகளோ அதற்குள், வானொலி, தொலைக்காட்சி பழுது பார்க்கும் கடையில் இருந்த நல்ல வேலையை உதறிவிட்டுப் பெட்டி செய்ய உட்கார்ந்துவிட்டாள். முதல் பெட்டியை வீட்டில் மாட்டிச் சோதித்தபோது அம்மா ஒருமுறைகூடத் தவறவில்லை. கூப்பிட்டதும் திரும்பினாள். சில தடவை மஞ்சள் விளக்கு எரிவதற்கு முன்பே திரும்பினாள். தன் கருவியின் வேகத்தை நினைத்து மகளுக்குப் புல்லரித்தது.

மேசையின் மறுபாதியில் உட்கார்ந்தவனுக்கு அந்த இடத்தில் பெயர் இல்லை, ஏனென்றால் அவனுக்கு இன்னும் ஒரு கஷ்டமும் அமையவில்லை. மடிக்கணினியும் நல்ல சிரிப்பும் வைத்திருந்தான்.

“எதைத் தீர்க்கலாம்னு தேடிட்டே இருக்கேன்க்கா,” என்றான் முதல் நாளே. “நல்ல கஷ்டத்தையெல்லாம் ஏற்கெனவே ஆள் எடுத்துட்டாங்க.”

கூடப்பிறந்தவர் இல்லாமல் வளர்ந்தவள் அவள். அக்கா என்று யாராவது கூப்பிட்டால் போதும், உள்ளே ஏதோ இளகிக்கொள்ளும். அவனைத் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தாள். பிறகு எல்லாரும் அப்படியே கூப்பிட்டார்கள். கதவாக இருந்த காலத்தில் வெளியே நிற்பது யாரென்று பார்க்க வைத்த சிறு துளை ஒன்று மேசை நடுவில் இருந்தது. அதன் வழியாக அவள் பெட்டியின் கம்பியை விட்டால் அவன் கீழே குனிந்து வாங்கிக் கொடுப்பான். அவன் பசிக்கும் சேர்த்து வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவந்தாள்.

புதன்கிழமைதோறும் ‘மனம் திறக்கும் வட்டம்’ நடக்கும். எல்லாரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து, வெளியே சொல்ல வெட்கப்படும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லி அழுதவர் நடுவிலிருக்கும் வெண்கல மணியை அடிக்கலாம். அழுகை வராதவர்களை நிறுவனர் அன்பாகப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே கழிப்பறையண்ணன் பாக்கெட்டில் வெங்காயம் வைத்திருந்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். விளக்குக்காரி பலமுறை தட்டிக்கழித்தாள். ஒரு புதன்கிழமை தம்பி அவள் முழங்கையை இடித்தான்.

“சொல்லுங்கக்கா. உள்ளேயே வெச்சிருந்தா புளிச்சிடும். இங்க இருக்கிறவங்க எல்லாம் நம்ம ஆளுங்கதானே.”

சொன்னாள். பெட்டி செய்யும் யோசனை வருவதற்கு முந்தைய கதை. நல்ல மழை, சாவியை வீட்டிலேயே விட்டுவிட்டாள். கதவைத் தட்டித் தட்டிக் கை சிவந்து, ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தால், அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். வீட்டு உடையின் முதுகுத் தையல் விட்டிருக்கிறது. எதிரே நாற்காலியில் அத்தை அம்மாவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“எனக்கு அப்ப அழுகை வரலை. கோவம் வந்துச்சு. காது கேக்காத அம்மா மேல கோவம். ‘நான் செத்துக் கெடந்தாக்கூட உனக்குத் தெரியாது, நீயெல்லாம் இருந்து என்ன, போய்ச் சேர வேண்டியதுதானே’ன்னு ஜன்னல்ல நின்னு கத்தினேன். அத்தைக்குக் கேட்டுச்சு. முட்டி வலியோட எழுந்து வந்து அவங்கதான் கதவைத் திறந்தாங்க. அம்மா திரும்பவே இல்லை. கேக்காதுங்கிற தைரியத்துல பெத்தவளை அப்படிச் சொல்லிட்டேன். மன்னிப்புக் கேட்டாலும் அவளுக்குக் கேக்காது. அதான் இந்தப் பெட்டி.”

அழுதாள். மணி அடித்தாள். தம்பி அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். அந்த வாரமே வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்த்தான். கையை ஆட்டி, கண்ணை உருட்டி அவன் சொன்ன நகைச்சுவைக்கெல்லாம் அம்மா சரியான இடத்தில் சிரித்தாள். எத்தனை வருடமாயிற்று அம்மா இப்படிச் சிரித்து என்று மகள் அடுக்களையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு தேர்வு நாள் வந்தது. வெளியிலிருந்து பெரியவர்கள் வந்து எல்லாருடைய முயற்சியையும் கேட்டு, ஒரே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது சொந்தக் காலில் நிற்கும்வரை தாங்கிப் பிடிப்பார்கள். தேர்வானால் விளக்குக்காரிக்குப் பெட்டி செய்ய இடம், ஆள், விற்க வழி எல்லாம் கிடைக்கும். இல்லையென்றால் பழைய கடைக்கே போய், முதலாளி முன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும். அம்மாவுக்கு நல்ல உடை உடுத்தி, மணிக்கட்டில் பட்டையைக் கட்டி, முன்வரிசையில் உட்காரவைத்தாள்.

அவளுக்கு முன்னால் தம்பியின் முறை. அவனுக்கும் ஒரு கஷ்டம் கிடைத்துவிட்டது என்று அவள் உண்மையாகவே சந்தோஷப்பட்டாள்.

“எங்கம்மாவுக்குக் காது கேக்காது,” என்று அவன் ஆரம்பித்தான்.

அவன் கதையிலும் மழை வந்தது. சாவி வந்தது. ஜன்னல், முதுகு, விட்டுப்போன தையல்கூட வந்தது. அத்தையை மட்டும் விட்டுவிட்டான். கதையில் ஆள் அதிகம் என்று நினைத்திருப்பான். ‘போய்ச் சேர வேண்டியதுதானே’ என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தினான். அவள் அதைக் கத்தியிருந்தாள். அவன் தாழ்த்தியது இன்னும் நன்றாக இருந்தது. தேர்வுக்குழுவின் தலைமையில் இருந்த கண்ணாடி அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெட்டியெல்லாம் வேண்டாம், கைபேசியே கூப்பிட்டால் துடிக்கும் என்று தன் செயலியைக் காட்டிவிட்டு, மேடையிலிருந்து இறங்கி, முன்வரிசையில் விளக்குக்காரியின் அம்மா காலடியில் மண்டியிட்டான்.

“என்னை மன்னிச்சிடும்மா,” என்றான்.

அம்மா அவன் தலையைத் தடவினாள். மெதுவாக, மறுபடியும் மறுபடியும் தடவினாள். அவள் கண் நிறைந்திருந்தது. அரங்கமே எழுந்து கைதட்டியது. சத்தத்துக்கு அம்மாவின் பட்டை துடித்திருக்க வேண்டும். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

விளக்குக்காரி மேடையேறினாள்.

“எங்கம்மாவுக்குக் காது கேக்காது,” என்றாள். தேர்வுக்குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சொந்தக் கதையைச் சொல்லும்மா,” என்றார் கண்ணாடி அம்மையார், தாய்மையோடு.

“சொந்தக் கதைதாங்க. அது என் கதை. அதோ உக்காந்திருக்காங்களே, அவங்க என் அம்மா.”

“இப்பத்தானே அந்தத் தம்பி...”

“அவங்களையே கேளுங்க!” என்று கத்தினாள். கத்தியபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

அம்மையார் சளைக்கவில்லை. எழுந்து வந்து அம்மா எதிரில் நின்று, தம்பியைக் காட்டினார், விளக்குக்காரியைக் காட்டினார், இரண்டு கையையும் விரித்து ‘யார் உங்க பிள்ளை?’ என்று சைகை செய்தார். அம்மா தம்பியைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். வாய் திறக்கப் போனவள்போல் உதடு அசைந்தது. பிறகு சிரித்து, தம்பியின் தலையில் ஒரு கையை வைத்து, மறு கையை மேடையை நோக்கி நீட்டினாள், இரண்டும் என் பிள்ளைகள்தானே என்பதுபோல. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போன பையனிடம் எந்த அம்மாவும் அப்படித்தான் செய்வாள்.

“அட, அக்கா தம்பியா!” என்று அம்மையார் நெஞ்சில் கைவைத்தார். “ஒரே வீட்ல ரெண்டு முயற்சி. ஏன் தனித்தனியாச் செய்றீங்க?”

தீர்ப்பு அங்கேயே ஆயிற்று. குடும்ப முயற்சி தேர்வு. நன்றாகப் பேசுகிறவன் என்பதால் தம்பி தலைமை. கோபக்காரி என்றாலும் கைவேலை தெரிந்தவள் என்பதால் அக்கா உதவி. நிறுவனர் மணியை அடித்தார்.

அவள் நேராக அவரிடம் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சுவரைக் காட்டினார். எழுத்தின் மேல் ஒரு கொடி படர ஆரம்பித்திருந்தது. அதை விலக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“வட்டத்துல சொன்னது வட்டத்துக்குச் சொந்தம். மனசுல வருத்தம் இருந்தா அடுத்த புதன்கிழமை வட்டத்துல சொல்லுங்க.”

தம்பி மேசையில் அவளுக்காகக் காத்திருந்தான். அவன் முகத்தில் குற்ற உணர்ச்சி இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“கோவமாக்கா? ஜெயிச்சது நாமதானே. நீங்க சொன்னப்போ ரெண்டு பேர்தான் அழுதாங்க. நான் சொன்னப்போ பாத்தீங்கள்ல?”

“அம்மாவையுமாடா?”

“நான் என்ன, அவங்க கையைப் பிடிச்சா தடவ வெச்சேன்? அவங்களாத் தடவினாங்கக்கா.”

அவள் பெட்டியைக் கழற்றினாள். துளை வழியாகக் கம்பியை இழுத்தபோது பழக்கதோஷத்தில் அவன் கீழே குனிந்து தள்ளிவிட்டான். கம்பி வந்தபிறகு, ஏனென்று தெரியாமல், அவள் அந்தத் துளையில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தாள். அந்தப் பக்கம் தரைதான் தெரிந்தது.

வீட்டுக்கு நடந்தார்கள். அம்மா முன்னால், பெட்டியை அணைத்துக்கொண்டு மகள் பின்னால். புது உடையிலும் முதுகுத் தையல் விட்டிருந்தது. அவசரத்தில் அவள் கவனித்திருக்கவில்லை. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே, பட்டை துடித்துவிடாதபடி பெட்டியின் மின்கலத்தைக் கழற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டு, பேச ஆரம்பித்தாள். தனக்கே கேட்காத குரலில்தான் பேசினாள்.

“அவன் உன்னைத் திருடிட்டாம்மா. நான் உங்கிட்ட கேக்க வேண்டிய மன்னிப்பை அவன் கேட்டுட்டான். நீயும் அவனுக்குக் கொடுத்துட்ட. இனி எனக்குக் கொடுக்க உங்கிட்ட என்னம்மா இருக்கு?”

முதுகு திரும்பவில்லை. தெருமுனையில் வண்டிகள் சீறிக்கொண்டு போயின. அம்மா நின்றாள். திரும்பிப் பார்க்காமலே, சின்னப் பிள்ளையைச் சாலை தாண்ட வைக்கக் கூப்பிடுகிறவள்போல, ஒரு கையைப் பின்னால் நீட்டி, விரல்களை விரித்துக் காத்திருந்தாள்.

அந்த அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும்.