லாரிக்கு வந்த தோள்வலி

அந்த அடி முதல் பாதியில் விழுந்ததா, இரண்டாம் பாதியிலா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. முதல் பாதியில்தான் என்று என் மனைவி அடித்துச் சொல்வாள். அவள் அன்று ஆட்டத்துக்கே வரவில்லை.

அடிபட்டவன் அவள் தம்பி. ரக்பி மைதானத்தில் அவன் பந்தோடு ஓடிவந்தால் எதிரணி ஒதுங்கி வழிவிடும். அதனால் லாரி என்று பெயர். அன்று ஒருவன் ஒதுங்கவில்லை. அவன் முழங்கால் லாரியின் இடது விலாவுக்குக் கீழே இறங்கியது. லாரி எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டுக் கடைசிவரை ஆடினான். அரையிறுதியை வென்றோம்.

உடைமாற்றும் அறையில் இடது தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆளாளுக்கு வைத்தியரானோம். ஒருவன் ஸ்ப்ரே அடித்தான், ஒருவன் ஐஸ் வைத்தான்.

"கையைச் சுத்து மச்சான்," என்றேன். சுற்றினான். சுலபமாகச் சுற்றியது.

அணியின் பிசியோ வந்தார். "தோள்ல அடிபட்டுச்சா?"

"இல்லக்கா, வயித்துலதான். அது ஒண்ணுமில்ல."

"அப்ப தோள் ஏன் வலிக்குது?"

அவர் விலாவுக்குக் கீழே மெல்ல அழுத்தினார்.

"வலிக்குதா?"

"சேச்சே."

அடுத்த வாரம் இறுதிப்போட்டி. தேசிய அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வருகிறார்கள். உயிர் போனாலும் வலிக்கிறதென்று சொல்லமாட்டான்.

அந்த நேரம் பார்த்துக் கோச் உள்ளே நுழைந்தார். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"தொப்பை வந்துடுச்சுப்பா. கோச் பின்னாடி வந்துகிட்டிருக்காரு."

அறையே அதிர்ந்தது. கோச்சும் சிரித்தார். என் அரைவேக்காட்டு ஜோக்குக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கும் லாரி மட்டும் வயிற்றைக் கையால் அணைத்துக்கொண்டு பல்லைக் கடித்தான். முகம் வெளுத்திருந்தது.

"மாமா, கெஞ்சிக் கேக்குறேன், சிரிக்க வைக்காதீங்க."

பிசியோ திரும்பினார். "ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

"அக்கா, ஃபைனல்..."

"டிவில பாரு."

ஸ்கேனில் தெரிந்தது: மண்ணீரல் கிழிந்து உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அந்த ரத்தம் மேலே இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானத்தை உறுத்தினால் வலி தோளில் தெரியுமாம்.

"என் உடம்புக்கே அட்ரஸ் தெரியலயே டாக்டர்," என்றான் லாரி.

அறுவை சிகிச்சை இல்லாமலே ஆறியது. இறுதிப்போட்டியில் நாங்கள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். ஆள் எடுக்க வந்தவர்கள் எதிரணியில் இருவரை எடுத்துக்கொண்டு போனார்கள். லாரி மறு வருடம் ஆட வந்தான்; தேசிய அணி அவனுக்குக் கிடைக்கவில்லை. இப்போது டயர் கடை வைத்திருக்கிறான், இரண்டு பெண் குழந்தைகள். இடித்தவன் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட்டுப் போனான், பிறகு தொடர்பில்லை. கோச் ஓய்வுபெற்றுவிட்டார். பிசியோ வேறொரு அணியில் இருக்கிறார்.