மறையாத வெள்ளைத் தட்டு

எங்கள் ஆற்றுத் தண்ணீர் கறுப்பு. அழுக்கினால் அல்ல. மேலே சதுப்புக் காட்டில் இலையும் வேரும் பட்டையும் ஊறி இறங்கிய சாறு அது. கண்ணாடிக் குவளையில் மொண்டால் பால் விடாத தேநீர் போலிருக்கும். கலங்கல் துளியும் இராது. ஆழத்தில்தான் கறுக்கும். அந்தத் தண்ணீர் கடலுக்குள் எதுவரை போகிறதோ அதுவரை எங்கள் ஊரார் கம்பு நட்டு அடைத்து மீன்பட்டி போடலாம். அதற்கப்பால் முகத்துவாரத்துக்காரர்களின் கடல். இந்தக் கரையில் உள்ள மெலனாவ் மக்களின் ஊர்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் வழக்கு.

அளக்கும் தட்டு எங்கள் வீட்டில் இருக்கிறது. வெள்ளைப் பீங்கான், விளிம்பில் துளையிட்டுக் கயிறு கோத்தது. தண்ணீரில் இறக்கினால் முதலில் பொன்னாகும், பிறகு சிவக்கும். ஒருவன் இரு கையையும் விரித்த நீளத்துக்குள் மறைந்துவிட்டால் அது எங்கள் தண்ணீர். லகீம் வீட்டார் தவிர வேறு கை அந்தக் கயிற்றைத் தொட்டதில்லை. அந்த வீட்டின் மூத்தவன் நான்.

மழை ஓய்ந்து கடல் தெளிந்திருந்த மாதம். முகத்துவாரத்துத் தலைவன் சபாவி எங்கள் ஊர் விருந்துக்கு வந்தான். பச்சை மீனைப் புளிப்பில் ஊறவைத்த உமாயும் சவ்வரிசியும் வயிறு முட்டத் தின்றுவிட்டுச் சபையில் வாயைத் திறந்தான்.

"லகீம் அண்ணே, ஒங்க ஆத்துல கல்யாணச் சட்டையத் தொவச்சா மாப்பிள்ளை காப்பிக் கலர்ல வந்து நிப்பான். அந்தத் தண்ணியும் இந்த மாசம் எங்க கடலுக்கு வரல. ஒங்க கடைசிப் பட்டி இப்ப எங்க எடத்துல நிக்குது."

"வரலயா? அடி மண்ணு வரைக்கும் எங்க தண்ணிதான்டா நிக்குது. நாளைக்கே தட்டை எறக்குறேன். மறையலேன்னா என் கையாலயே பட்டிக் கம்பைப் பிடுங்கிடுறேன்."

நான் சொன்னது சபை முழுக்கக் கேட்டது. என் தம்பி மகன் ஜெராய் மட்டும் முகம் கறுத்தான். கடைசிப் பட்டி அவனுடையது. அவன் வீட்டு அடுப்பு எரிவது அதில் விழும் இறாலில்தான்.

மறுநாள் காலை இரண்டு படகுகள் பட்டியருகே நின்றன. மேலே பார்க்கத் தண்ணீர் கறுப்பாகத்தான் இருந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்து தட்டை இறக்கினேன். பொன்னானது. சிவந்தது. விரித்த கை நீளமும் தாண்டிற்று. மறையவில்லை. இன்னும் கயிறு விட்டேன். சிவப்பு வட்டமாக, சின்னதாகிக்கொண்டே, தெளிவாகத் தெரிந்தபடி போய்க்கொண்டிருந்தது.

"என்னண்ணே, தட்டு ஒங்கள விட்டுப் பிரிய மாட்டேங்குதே!" என்று சபாவி தொடையைத் தட்டிச் சிரித்தான்.

கயிற்றை இழுத்தேன், வரவில்லை. பட்டியின் அடிக்கம்பில் சிக்கியிருந்தது.

"நான் முங்குறேன் பெரியப்பா. இந்த வயசுல நீங்க வேண்டாம்" என்றான் ஜெராய்.

"என் வீட்டுத் தட்டு. நீ படகைப் பிடி."

சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு இறங்கினேன். தலை முழுகும் வரை எங்கள் ஆறு. புளிப்பும் மண்ணும் கலந்த அதே ருசி. அதற்குக் கீழே சட்டென்று உதட்டில் உப்பு. கண்ணைத் திறந்தேன். சுற்றிலும் கடல், கண்ணாடி போல. கம்புகள் அடி வரை தெரிந்தன. கையால் துழாவித் தட்டை விடுவித்தேன். பிறகு மேலே பார்த்தேன்.

ஆறு என் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு ஆள் உயரம்கூடக் கனமில்லை. சிவந்த தேன் நிறத்தில் ஒரு கூரை. உப்பும் நன்னீரும் தொடும் இடம் எண்ணெய் போல நெளிந்தது. சூரியன் அதில் தணலாகத் தொங்கியது. எங்கள் படகின் வயிறு கூரையில் ஒட்டிய பல்லி போலிருந்தது. காட்டில் உதிர்ந்த இலைகளின் சாறு இத்தனையும் கடலில் கலக்காமல் கடலின் மேல் நடந்துபோனது. பட்டியைத் தாண்டி, சபாவியின் வலைகளையும் தாண்டி, நான் திரும்பிய பக்கமெல்லாம். அதற்கு ஓரம் தெரியவில்லை. அடி மண் வரை எங்கள் தண்ணீர் என்று சொன்னேனே, அந்த வாய்க்குள் உப்பு கரித்தது. மூச்சு முட்டிய பிறகுதான் மேலேற வேண்டும் என்ற நினைப்பே வந்தது.

படகில் ஏறித் தட்டைத் துடைத்தேன். "மறையல. பட்டியப் பிடுங்குறோம்" என்றேன்.

"பெரியப்பா! தண்ணி மேல கறுப்பாத்தானே இருக்கு? வழக்காடலாமே!"

"வாக்கு குடுத்தது நான். தட்டு மறையலேன்னா பிடுங்குறேன்னு சொன்னேன், மறையல. ஒனக்கு என் பட்டியில பாதி. இப்ப எறங்கு. கம்புல கை வைக்கறதுக்கு முன்னாடி மல்லாந்து மேல பாரு."

கோபத்தோடு குதித்தான். நெடுநேரம் வரவில்லை. சபாவியே எட்டிப் பார்க்கத் தொடங்கினான். பிறகு ஜெராயின் தலை மேலே வந்தது. கம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். முகத்தில் கோபத்தைக் காணோம்.

"பெரியப்பா... அது எது வரைக்கும் போகுது?"

சபை நடுவே எந்தக் கேள்விக்கும் நான் பதில் இல்லாமல் நின்றவன் அல்ல.

"தெரியலடா" என்றேன்.

சபாவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்படி என்னத்தடா பார்த்தீங்க?" என்றான். ஜெராய் கீழே தண்ணீரைக் காட்டினான். சபாவி தலைத்துணியை அவிழ்த்து வைத்துவிட்டுப் படகு விளிம்பில் காலைத் தொங்கவிட்டான். நான் முதல் கம்பை அசைத்துப் பிடுங்கத் தொடங்கினேன்.