முதல் மழைக்கு அரை மணி

மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது.

இதை முதலில் நீங்கள் மட்டும் படியுங்கள். குட்டிம்மா பக்கத்தில் இருந்தால் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வேலைக்குப் போகிற வழியில் பிரியுங்கள். போனில் சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். போன் அடித்தால் அவள்தான் எடுப்பாள். தவிர, எனக்கு வாய்ப்பேச்சு அவ்வளவாக வராது. எழுதினால்தான் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமைப் படகுக்கு அவளுக்கு எடுத்த டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். பிரசவத்துக்கு அவள் இங்கே வர வேண்டாம். காரணத்தை நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பு என்னுடையது.

நீங்கள் இந்தத் தீவுக்கு வந்ததில்லை. கல்யாணமும் உங்கள் பக்கத்திலேயே முடிந்துவிட்டது. அதனால் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எப்படி வருகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. எங்கள் தகரக் கூரை ஒன்பது மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம். அதன் விளிம்பில் ஓடும் தகரக் கால்வாய் மழையைச் சேர்த்து ஒரு குழாயில் இறக்கும். குழாயின் முனையில் எல்போ என்கிற வளைந்த துண்டு ஒன்று இருக்கிறது. அதை வலது பக்கம் திருப்பினால் தண்ணீர் சிமெண்டுத் தொட்டிக்குள் போகும். இடது பக்கம் திருப்பினால் வெளியே கல்தரையில் விழுந்து கடலுக்குப் போய்விடும்.

வருஷத்தின் முதல் மழையை அரை மணி நேரம் வெளியே விடுவது இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. மாதக்கணக்காகக் கூரையில் படிந்த உப்பும் கடற்பறவை எச்சமும் கழுவிக்கொண்டு போக வேண்டும். எதிர்வீட்டு வெல்டர் ஒரு வருஷம் பொறுமையில்லாமல் முதல் மழையை உள்ளே விட்டுவிட்டார். வீட்டில் மூன்று பேர் வாந்தியும் பேதியுமாகப் படுத்துவிட்டார்கள். தொட்டி முழுவதையும் இறைத்துக் கொட்டினார். அன்றிலிருந்து நான் இந்த விஷயத்தில் கடிகாரத்தைப் பார்க்காமல் எதுவும் செய்வதில்லை.

கிணறு இருக்கிறது. பத்து வருஷமாக அது உப்பு. சோப்பு நுரைக்காது, அந்தத் தண்ணீரில் கொதித்த தேநீரை வாயில் வைக்க முடியாது. அரசாங்கத் தண்ணீர்ப் படகு பதினைந்து நாளைக்கு ஒரு முறை வந்து வீட்டுக்கு அறுபது லிட்டர் கொடுக்கும். இரண்டு பேருக்கு அது தொண்டை நனையத்தான் காணும். ஆக, எங்களுக்கு உயிர் அந்தத் தொட்டியில்தான் இருக்கிறது.

நான் வானிலை நிலையத்தில் வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். நிலையம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு மேசை, ஒரு அலமாரி, வெளியே வெள்ளைப் பெட்டிக்குள் வெப்பமானி, அதற்குப் பக்கத்தில் மழைமானி. தினமும் காலை எட்டரைக்குப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவேன். நான் சேர்ந்த வருஷம் முப்பத்தைந்து டிகிரியைத் தாண்டிய நாட்கள் நான்கு. போன வருஷம் எழுபத்தொன்று. முன்பெல்லாம் ஏழு மாதத்துக்குப் பரவி தொண்ணூறு நாள் மழை பெய்யும். இப்போது பத்தொன்பது நாள். ஆனால் மொத்த அளவு பெரிதாகக் குறையவில்லை. போன வருஷம் ஒரே ஒரு காலையில் கொட்டித் தீர்த்தது. தொட்டி கால் மணியில் நிரம்பி வழிந்தது. அதற்குப் பிறகு ஐந்து மாதம் ஒரு சொட்டு இல்லை. வருஷக் கடைசியில் மேலிடத்திலிருந்து காகிதம் வந்தது: மழையளவு இயல்பு, கூடுதல் தண்ணீர்ப் படகு தேவையில்லை. அந்தக் காகிதத்துக்கு எண்களைக் கொடுத்தது நான்தான்.

இந்த வருஷம் மழை ஒன்பது வாரம் தள்ளிப்போனது. குட்டிம்மாவை இங்கே அழைப்பதற்கு முன் உங்கள் அத்தை ஆஸ்பத்திரிக்குப் போய் நர்ஸிடம் கேட்டாள். இங்கே டாக்டர் கிடையாது, நர்ஸ்தான் எல்லாம்.

"தாராளமா வரட்டும்மா. பிரசவம் நான் பாத்துக்கறேன். ஆனா சூடு சாமானியமா இல்ல. குடிக்க, சமைக்க, தாயும் பிள்ளையும் குளிக்க, ஒரு நாளைக்கு நாப்பது லிட்டர் நல்ல தண்ணி வேணும். நாப்பது நாளைக்கு. கிணத்துத் தண்ணி கதையே வேண்டாம்."

நாற்பது நாளைக்கு ஆயிரத்து அறுநூறு லிட்டர். தொட்டியில் அன்று இருந்தது ஐநூறு. ஒரு நல்ல மழை போதும். அந்த ஒரு மழைக்காகத்தான் காத்திருந்தோம்.

அது போன மாதக் கடைசி வியாழக்கிழமை வந்தது. மதியம் இரண்டு நாற்பதுக்கு முதல் துளி. நான் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு, இந்த வயதில், ஓடினேன். வீட்டுக்குப் போனால் உங்கள் அத்தை முக்காலி போட்டு ஏறி எல்போவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கீழே என் மைத்துனன் முக்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஊரே அவனைக் கேப்டன் என்று கூப்பிடும். அவன் படகில் நாலாவது ஆள் ஏறினால் மூழ்கிவிடும், பட்டத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை. மழை அடித்து ஊற்றியது. கல்தரையில் விழுந்த தண்ணீர் சுண்ணாம்புக் கரைசல் மாதிரி வெள்ளையாக ஓடியது.

"திருப்பட்டுமா?" என்றாள்.

"இரு. மூணு பத்துக்குத்தான்."

"தண்ணி தெளிஞ்ச மாதிரி இருக்கே."

"மாதிரி இருக்கும். பிறக்கப்போற குழந்தைக்கு இது. அரை மணின்னா அரை மணி."

கேப்டன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "அத்தான், உங்க கைக்கடிகாரத்தை அந்த மேகத்துக்கும் ஒரு தடவை காட்டிருங்க. அதுக்கு மூணு பத்து தெரியணுமில்ல?"

எனக்கும் சிரிப்பு வந்தது. ஒன்பது வாரம் கழித்து நனைகிற சந்தோஷம். உங்கள் அத்தை முக்காலியில் நின்றபடியே ஒரு கையால் போனை எடுத்துக் குட்டிம்மாவைக் கூப்பிட்டாள். "கேளுடி, கேளு" என்று போனை மழைப்பக்கம் நீட்டினாள். அந்தப் பக்கம் குட்டிம்மா கத்தியது எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது. அன்று சாயங்காலம் உங்களிடமும் சொல்லியிருப்பாள், தொட்டி நிரம்பிவிட்டது, டிக்கெட் எடுங்கள் என்று. அவள் கேட்டது தொட்டிக்குள் விழுந்த சத்தம் இல்லை, மாப்பிள்ளை. கல்லில் விழுந்த சத்தம்.

மூன்று மணிக்கு உங்கள் அத்தை மறுபடி கேட்டாள். "போதுங்க. கண்ணாடி மாதிரி வருது. திருப்பிடறேன்."

"இன்னும் பத்தே நிமிஷம். எங்க போயிடப் போகுது?"

"உங்களுக்கு எப்பவும் எங்க போயிடப் போகுதுதான்."

எனக்குக் கோபம் வந்தது. "நாற்பத்தொரு வருஷப் பதிவேடு இருக்கு. முதல் மழை சராசரியா ரெண்டு மணி நேரம் நிக்கும். நான் சும்மா சொல்லல" என்றேன். அவள் கையை எடுத்துவிட்டாள்.

சராசரி சரிதான். கூட்டி வகுத்தவனே நான். ஆனால் கடைசி ஆறு வருஷத்தை மட்டும் தனியாக எடுத்தால் முதல் மழை அறுபத்தைந்து நிமிஷம், ஐம்பது, நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்று, நாற்பது, போன வருஷம் முப்பத்தைந்து. அந்த முப்பத்தைந்தை எழுதியதும் இதே கைதான். எழுதி, மை காய வைத்து, மூடி, அலமாரியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

மூன்று மணி ஆறு நிமிஷத்துக்கு மழை நின்றது. குறைந்து, தூறி, அப்படியெல்லாம் இல்லை. குழாயை அடைத்த மாதிரி நின்றது. வெயில் வந்தது. கூரையிலிருந்து ஆவி கிளம்பியது. கேப்டன் மேலே பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"இன்னும் நாலு நிமிஷம் இருக்கு" என்று நான் சொன்னேனாம். உங்கள் அத்தை சொல்கிறாள். எனக்கு ஞாபகம் இல்லை. சொல்லியிருப்பேன்.

அவள் முக்காலியை விட்டு இறங்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மூன்று பத்து ஆகும்வரை அப்படியே நின்றாள். ஆனதும் எல்போவை வலது பக்கம் திருப்பினாள். தொட்டிக்குள் சொட்டுச் சொட்டாக விழுந்ததை மூன்று பேரும் கேட்டுக்கொண்டு நின்றோம். ஒரு டம்ளர் இருக்கும். அப்புறம் அவள் இறங்கி, புடவை முந்தானையைப் பிழிந்து உதறிவிட்டுச் சொன்னாள்: "பேரப்பிள்ளை வந்ததும் உங்க பதிவேட்டைக் கரைச்சு ஊட்டுங்க."

மறுநாள் காலை மழைமானியில் முப்பத்துநான்கு மில்லிமீட்டர். எங்கள் கூரையின் அளவுக்கு அது ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தாறு லிட்டர். நர்ஸ் கேட்டதைவிட இருநூறு லிட்டர் அதிகம். அவரிடமே போய்ச் சொன்னேன், முதல் மழை அழுக்கு, எப்படி உள்ளே விடுவது என்று. அவர் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், "அழுக்குத் தண்ணியக் காய்ச்சலாம் சார். இல்லாத தண்ணிய எப்படிக் காய்ச்சறது?" என்றார்.

இன்றோடு பதினொரு நாள். உங்கள் அத்தை தினமும் போனில் குட்டிம்மாவிடம் "எல்லாம் தயார்" என்றே சொல்லிவந்தாள், இடையில் ஒரு மழை வந்துவிடும் என்று. நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். வரப்போகிற வாரத்துக்கும் மேலிடத்துக் கணிப்பில் மழை இல்லை. இரவில்கூட முப்பது டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. குட்டிம்மா பிறந்த அறை தகரத்துக்கு அடியில் இருக்கிறது. நேற்று மதியம் வெப்பமானியை அங்கே கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். நாற்பத்தொன்று. அந்த அறையில் ஒரு பச்சைப் பிள்ளையைப் போட முடியாது, தண்ணீர் இருந்தாலுமே. இதையும் நான் முன்பே வைத்துப் பார்த்திருக்கலாம்.

அதனால் வெள்ளிக்கிழமைப் படகில் உங்கள் அத்தை அங்கே வருகிறாள். உங்கள் அறை சின்னது, தம்பியும் கூட இருக்கிறார் என்பதெல்லாம் தெரியும். அவள் ஒரு மூலையில் இருந்துகொள்வாள், கோபித்துக்கொள்ளாதீர்கள். துறைமுகத்தில் ஒரு தள்ளுவண்டிக்குச் சொல்லி வையுங்கள். தையல் மெஷின் வருகிறது. குழந்தைக்குத் துணி தைக்க என்றாள். அதற்குத் தலைப்பாகம் மட்டும் போதும். அவள் மெஷினின் இரும்பு ஸ்டாண்டையும் கழற்றிச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறாள். கேப்டன் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, ஊரையே மூட்டை கட்டிட்ட?" என்றான். அவள் சாக்கின் முடிச்சை இன்னொரு முறை இறுக்கினாள். எப்போது திரும்புவாய் என்று நானும் கேட்கவில்லை. நீங்களும் கேட்க வேண்டாம்.

நான் வரவில்லை. எட்டரை மணிக்கு இங்கே ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஆள் நான்தான், வேறு யாரும் இந்த வேலைக்கு வரமாட்டேன் என்கிறார்கள். என்னைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். தொட்டியில் நானூறு லிட்டர். ஒரு நாளைக்கு நாலு லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஆளுக்கு நூறு நாள் வரும். நான்கு பேருக்குப் பத்தாதது ஒருவனுக்குத் தாராளம்.

இந்தக் கடிதத்தை நாளைக்குக் கேப்டன் தன் படகில் எடுத்துக்கொண்டு வந்து உங்கள் கையில் தருவான். குட்டிம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா பொய் சொன்னாள் என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்பா நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார் என்று சொல்லுங்கள், அவளுக்குப் புரியும். என்னோடு வளர்ந்தவள்.

எல்போவை வலது பக்கமாகவே வைத்துக் கம்பியால் கட்டிவிட்டேன். உப்போ எச்சமோ, இனி எது வந்தாலும் நேரே உள்ளே போகட்டும். இன்று காலை மழைமானியில் ஒன்றும் இல்லை. பூஜ்யம் என்று எழுதிவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

மாமா