உமியில் எழுந்த புயல்

ஆரணியில் எந்த அரிசி ஆலையில் மெஷின் நின்றாலும் சின்னதுரையைத்தான் கூப்பிடுவார்கள். அறுபத்தொரு வயதிலும் கை ஓயாத ஃபிட்டர் அவர். அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவரிடம் மனைவி அபிதகுசாம்பாள் போனை நீட்டினாள்.

"இதப் பாருங்க. நீங்க வேல செஞ்ச படம் யூடியூப்ல வந்துகீது."

'பாலையில் ஏழு பேர்.' புதையல் தேடிப் பாலைவனத்துக்குள் போகிற ஏழு பேரின் கதை. ராஜஸ்தான் போக வசதியில்லாத படக் கம்பெனி, முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், வறண்டு கிடந்த கமண்டல நாக நதி மணலிலேயே மொத்தப் படத்தையும் எடுத்து முடித்தது. இருந்தது ஒரே ஒட்டகம், அதுவும் நொண்டி. தியேட்டரில் பத்து நாள் ஓடியதே பெரிசு.

இப்போது இரண்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். அபிதகுசாம்பாள் கீழே வந்திருந்த கருத்துகளைப் படித்துக் காட்டினாள். 'பின்னாடி தென்னை மரம் தெரியுதே, எந்த ஊர் பாலைவனம்?' என்று ஒருத்தர் கிண்டல் செய்திருந்தார். மற்றவர்களோ தூக்கி வைத்துக் கொண்டாடியிருந்தார்கள். 'கடைசி வாய் தண்ணியை ஏழு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தள்ளி வைக்கிற இடத்துல அழுதுட்டேன்.' 'அந்த மணல் புயல்! சின்ன வயசுல அம்மா முந்தானைக்குள்ள ஒளிஞ்சேன்.' புயலைப் பற்றியே நூறு பேருக்கு மேல் எழுதியிருந்தார்கள்.

சின்னதுரை தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தார். அந்தப் புயலைச் செய்தவர் அவர்தான். முதலில் நிஜ மணலைத்தான் வீசினார்கள். கதாநாயகிக்குக் கண் எரிந்து ஷூட்டிங் நின்றுபோனது. உடனே சின்னதுரை ஆலையில் உமி தள்ளும் பிளோயரை டீசல் இன்ஜினோடு மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குப் போனார். நைசாக அரைத்த உமியைத் தூரத்திலிருந்து ஊதினார்.

"செய்யார்லேர்ந்து சுதாகர்னு ஒருத்தரு எழுதிகீறாரு. 'புயல் வெளிநாட்டுப் படத்துலேர்ந்து வெட்டி ஒட்டினது. இந்தப் படத்தோட பட்ஜெட்டுக்கு இது முடியவே முடியாது'ன்னு."

பிசைந்த கை நின்றது. "வெட்டி ஒட்டினதா? மூணு நாளு உமியத் தின்னுகினு நின்னேன்டி! ஞாயித்துக்கெழம வரச் சொல்லு, செஞ்சு காட்டறேன்."

"எதுக்கு இந்த பேஜாரு?" என்று கேட்டுக்கொண்டே அவளும் அப்படியே டைப் செய்தாள்.

சுதாகர் நிஜமாகவே வந்துவிட்டார். கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பவர், முப்பத்தைந்து வயதிருக்கும். ஆலை முதலாளியிடம் கேட்டுப் பின்பக்கக் களத்தில் பிளோயரை வைத்திருந்தார் சின்னதுரை. அதன் வாயில் ஒரு தகரத்தைப் பிடித்தார்.

"மூஞ்சிக்குத் துணி கட்டிக்குங்க தம்பி."

சுவிட்சைப் போட்டதும் களம் மஞ்சளாகப் புரண்டது. எதிரே நின்ற லாரி மறைந்தது, வேப்ப மரம் மறைந்தது. சின்னதுரை தகரத்தை மூடி மூடித் திறந்தார். புயல் ஒரு நொடி அடங்கும், பிறகு மொத்தமாகச் சீறும். சுதாகர் இருமிக்கொண்டே முட்டி போட்டு உட்கார்ந்தார். போனில் படம் பிடிப்பதை மட்டும் விடவில்லை.

"அதே புயல்! படத்துலயும் இதே மாதிரிதான் மூச்சு வாங்கும்!" என்று கத்தினார். தூசி அடங்கியதும் சின்னதுரையின் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிடுங்க ஐயா. பதினோரு வாட்டி பாத்த படம். அவ்ளோ நல்லா இருந்ததாலதான் நம்ப முடியல. உங்களுக்குப் படத்துல எந்த எடம் புடிக்கும்?"

சின்னதுரை தலையைச் சொறிந்தார். "நான் படம் பாக்கவே இல்ல தம்பி. ரிலீஸ் ஆனப்ப சேத்துப்பட்டுல புது மில்லுக்கு மெஷின் மாட்டிகினு இருந்தேன். வர்றதுக்குள்ள தூக்கிட்டாங்க."

சுதாகர் அவரை விடவில்லை. அங்கேயே உமி மூட்டைமேல் உட்கார்ந்து, போனை நடுவில் சாய்த்து வைத்து, முதலிலிருந்து போட்டார். சாப்பாடு எடுத்து வந்த அபிதகுசாம்பாளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நொண்டி ஒட்டகம் நடந்தது. தண்ணீர் தீர்ந்தது. வானம் இருண்டு புயல் எழுந்தது. சுதாகர் ஆவலோடு அவர் முகத்தைப் பார்த்தார்.

சின்னதுரை மனைவியின் கையை இறுகப் பிடித்திருந்தார்.

"அடப்பாவமே," என்றார், "இதுல மாட்டிகினு எப்படிம்மா பொழைப்பாங்க அந்த ஏழு பேரு?"