யாரும் கால் வைக்காதீங்க

எங்கள் வீட்டுக்கும் ஏரிக்கும் நடுவில் இருப்பது தோட்டமா காடா என்று எங்களோடு தங்க வந்த நாளிலிருந்தே என் நாத்தனாருக்குச் சந்தேகம். மார்பளவு புல், அதைத் தாண்டிக் கோரை, அதைத் தாண்டித் தண்ணீர். ஐந்து வருஷமாக நான் அங்கே மருந்து அடித்ததில்லை, மெஷின் விட்டு வெட்டியதுமில்லை. உதிர்ந்த இலை அங்கேயே மட்கும், தானாக முளைத்தது தானாக வளரும். கரை மண் சரியாமல் நிற்பதே அந்த வேர்களால்தான் என்று எடுத்துச் சொன்னால், சோம்பேறித்தனத்துக்கு இப்படியும் ஒரு பெயரா என்பாள். என் கணவர் இரண்டு பேருக்கும் தலையாட்டுவார். அண்ணனாகவும் இருக்க வேண்டும், புருஷனாகவும் இருக்க வேண்டும், பாவம்.

அன்று காலை அவளுடைய நாலு வயது மகனைக் காணவில்லை. அடுப்படியில் பால் குடித்துக்கொண்டிருந்தவன். நான் பாத்திரம் கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் நாற்காலி காலி, பின்கதவு திறந்து கிடந்தது. கட்டிலடி, குளியலறை, கார் எல்லாம் பார்த்தாயிற்று. கூப்பிட்டால் பதில் இல்லை. மூன்று பேரும் ஏரியைத்தான் பார்த்தோம்.

நாத்தனார் புல்லுக்குள் பாயப் போனாள். நான் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தேன்.

"யாரும் கால் வைக்காதீங்க," என்றேன்.

"புள்ளையக் காணோம்கறேன். உங்களுக்குப் புல்லு பெருசாப் போச்சா அண்ணி?"

ராத்திரி விழுந்த பனி புல்லின்மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. பூனை போனால்கூட அதில் கோடு விழும். மூன்று பேர் இறங்கி மிதித்துவிட்டால் அந்தக் கோடு போயிற்று. இதை ஒழுங்காகச் சொல்லியிருந்தால் அவள் நின்றிருப்பாள். எனக்கு வாயில் வந்ததெல்லாம் நில்லு, நில்லு என்பதுதான். என் கணவர் என்ன புரிந்துகொண்டாரோ, தங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் அவரை நெஞ்சில் குத்தினாள்.

புல்லின் ஓரமாகவே குனிந்து நடந்தேன். தடம் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே தடத்தைத் தேடினேன். தடம் இல்லையென்றால் அவன் தெருப்பக்கம் போயிருப்பான். ஆனால் எலுமிச்சை மரத்தருகே தடம் இருந்தது. பச்சையாக, ஒரு சாண் அகலத்தில், நேரே தண்ணீரைப் பார்த்து. திரும்பி வந்த தடம் இல்லை.

என் கணவரைக் கூப்பிட்டுக்கொண்டே அந்தக் கோட்டில் ஓடினேன். கோரைக்குள், ஆழம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், சேற்றில் மார்புவரை புதைந்து நின்றிருந்தான். இரண்டு கையாலும் கோரைத் தண்டுகளைப் பிடித்திருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது, அழுகைக்குச் சத்தமே வரவில்லை. நான் குப்புறப் படுத்து அவன் அக்குளில் கைகொடுத்தேன். பின்னால் வந்த என் கணவர் என் கால்களைப் பிடித்து இழுத்தார். சேறு மனசில்லாமல்தான் விட்டது.

நாத்தனார் அவனைத் துண்டில் சுற்றி மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. மாறாக, ஓர் அற்பப் பெருமை எட்டிப் பார்த்தது. கோரை இல்லாவிட்டால் அவன் ஆழத்துக்கே போயிருப்பான், புல் இல்லாவிட்டால் தடமும் கிடைத்திருக்காது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"புல்ல வெட்டியிருந்தா, அவன் இறங்கும்போதே ஜன்னல்லேர்ந்து பாத்திருப்பீங்க அண்ணி," என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை.

அவள் சொன்னதில் என்ன தப்பு?

மதியம் அரிவாளை எடுத்தேன். கோரையைத் தொடவில்லை. அடுப்படி ஜன்னலுக்கு நேராகக் கோரைவரைக்கும் புல்லை அரிந்தேன். நானே வளர்த்தது பிடி பிடியாக விழுந்தது. என் கணவர் வந்து நின்று பார்த்து, ஜன்னல் நன்றாகத் தெரிகிறது, போதும் என்றார்.

நான் பையன் நடந்த தடத்துக்குப் போய், அவன் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து வீட்டுப்பக்கம் பார்த்தேன். ஜன்னல் தெரியவில்லை, புல்தான் தெரிந்தது.

"இன்னும் வெட்டணும்," என்றேன்.