எதிர் வீட்டு அம்மாவின் குரல்

1

இந்தக் கதை எனக்கு ஒட்டுக்கேட்டுத்தான் கிடைத்தது. உள்ளொளி, உந்துதல் என்றெல்லாம் அளந்துவிடலாம். உண்மை என்னவென்றால், எதிர் வீட்டுக் கதவு என் கதவுக்கு நேரே இருக்கிறது. எனக்குக் காது கொஞ்சம் நீளம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘தாயைத் தாங்கிய அந்தத் தளிர்க்கரங்கள்...’ சீ, வாழ்த்து அட்டை மாதிரி. அடித்தாயிற்று.

2

பக்கவாதத்தில் அந்த அம்மாவுக்கு வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் பதினாலு வயது மகள்தான். நான் அவளுக்கு வைத்த பெயர் பெரிய மனுஷி. பள்ளியிலிருந்து போன் வந்தால் அம்மா குரலில் அவளே பேசுவாள். “அவளுக்குக் காய்ச்சலுங்க...” அந்த இழுவை, நடுவே ஒரு செருமல், அசல் அம்மாவேதான். (கதவு மெலிசு. நான் என்ன செய்ய?)

விஷயம் வெளியே தெரிந்தால் அம்மாவை ஒரு காப்பகத்துக்கும் தன்னை இன்னொன்றுக்கும் அனுப்பிவிடுவார்கள் என்று பயம்.

[“யார்கிட்டயாவது உதவி கேளேன்டி” என்று ஒருநாள் சொன்னேன். “நீங்க யார்கிட்டயும் சொல்லாம இருந்தாலே பெரிய உதவி ஆன்ட்டி” என்றாள். என்னிடம் போய் இப்படி ஒரு வேண்டுகோள்!]

3

இன்று மதியம் வகுப்பு டீச்சரே வந்து எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“யாருங்க? பொண்ணு கடைக்குப் போயிருக்காளே...”

பழக்கதோஷம். போனுக்கு வைத்திருந்த குரல் கதவுக்கும் வந்துவிட்டது.

“உங்களைப் பாக்கத்தாங்க வந்தேன். கொஞ்சம் திறங்க.”

மாட்டிக்கொண்டாள். மகளாகத் திறக்க முடியாது. மகள் கடைக்குப் போயிருக்கிறாள். அம்மாவாகத் திறக்கலாமென்றால்... (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கும் வழி தெரியவில்லை.)

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். “போன்ல பேசுறது நீதான்னு எனக்குத் தெரியும்டா. அம்மாவுக்கு முடியலைன்னும் தெரியும். வீட்டுக்கே வந்து பாத்துக்க ஆள் இருக்காங்க. நான் கேட்டுப் பாக்கறேன்.”

“என்னங்க உளர்றீங்க? நான் அவ அம்மாங்க.” இந்தமுறை செருமல் வரவில்லை, விம்மல் வந்தது.

அப்போதுதான் உள்ளே தொப்பென்று ஏதோ விழுந்தது.

“அம்மா!”

அது மகளின் குரல்.

“கண்ணு, திற. ரெண்டு பேருமாத் தூக்கலாம்.”

4

முதல் முடிவு: திறக்கிறாள், உதவி வருகிறது, எல்லாம் சுபம். இரண்டாவது: திறக்கிறாள், பயந்ததே நடக்கிறது. மூன்றாவதில், எதிர் வீட்டுக்காரி ஓடிப்போய்க் கைகொடுக்கிறாள். (எழுதிப் பார்த்தேன். என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.)

நடப்பது இது. தனியாகத் தூக்கிப் பார்க்கிறாள், முக்கல் கேட்கிறது. மறுபடியும் முக்கல். பிறகு கதவை நோக்கிக் காலடி.

“மிஸ்... எங்களைப் பிரிக்க மாட்டாங்கன்னு சத்தியம் பண்ணுங்க. திறக்கறேன்.”

டீச்சர் வாயைத் திறக்கிறார், மூடிக்கொள்கிறார். பொய் சொல்லத் தெரியாத பிறவி போலிருக்கிறது.

எனக்குப் பொய் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் இந்தப் பதிலை நான் எழுத மாட்டேன். நீங்கள் சொல்லுங்கள், சொன்னால் அந்தச் சொல்லைக் காப்பாற்ற வேண்டும். சீக்கிரம், அந்த அம்மா தரையில் கிடக்கிறார்.