ஒட்டாத நோய்

மெஹராஜ் தன் அக்கா சாயிராவின் தலையை உள்ளங்கையில் தாங்கிப் பிடித்திருக்க, மதீனா பீவி செம்பைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினாள். தாராவியின் அந்தச் சந்தில் எந்த வீட்டில் பெண் மௌத்தானாலும் கடைசியாகக் குளிப்பாட்ட வருகிறவள் அவள்தான். நெற்றியிலிருந்து பின்னோக்கி நீவிய விரல்கள் நடுவில் நின்றன.

"தலமுடி எங்கேளா?"

"ஆஸ்பத்திரியில மழிச்சிட்டாங்க, பெரியும்மா. மண்டையத் தொறந்து பாக்கணும்னு."

பெண் மையத்துக்கு முடியை மூன்றாகப் பின்னிவிடுவது வழக்கம். சாயிராவின் தலையில் அரும்பிய குச்சிமுடியும் காதுக்கு மேலே வளைந்த தையல் தழும்பும்தான் இருந்தன. மதீனா பீவி அடுத்த செம்பை மொண்டாள்.

நோய் கோடையில் ஆரம்பித்தது. தோல்பை பட்டறை நடத்தும் புருஷனுக்கு எந்தக் கடைக்கு எந்தப் பை என்று மனதிலிருந்தே எடுத்துச் சொல்கிறவள், ஒருநாள் சாயாவில் மசாலாவை அள்ளிப் போட்டுவிட்டு விழித்தாள். வலது கையிலிருந்து கரண்டி நழுவியது. ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, மூளைக்குள் தெரிந்த இரண்டு வளையங்களைக் காட்டினார். நம் ஊரில் இப்படி வளையம் தெரிந்தால் பெரும்பாலும் டிபி கட்டிதான் என்றார். டிபிக்கு மாத்திரை, கூடவே மூளை வீக்கத்துக்கு இன்னொரு மாத்திரை.

சில நாட்களிலேயே சாயிரா எழுந்து உட்கார்ந்தாள். பேச்சு திரும்பியது. கை திரும்பியது. வீட்டுக்கு வந்தவள் முதல் வேலையாகத் தன் தம்ளரையும் தட்டையும் பாயையும் தனியே எடுத்து வைத்தாள்.

மூளையில் இருக்கும் டிபி பக்கத்தில் இருப்பவருக்குத் தொற்றாது என்று டாக்டர் இந்தியில் சொன்னதை மெஹராஜ் தமிழில் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள்.

"டிபின்னா டிபிதானளா. அந்த டாக்டரு அவரு புள்ளையையா எம் பக்கத்துல படுக்கப் போடப் போறாரு?"

எதிர் அறையில் தாயும் பின்னாலேயே பிள்ளையும் டிபியில் இருமி இருமிச் செத்துப்போனதைப் பார்த்தவள் சாயிரா. மகள் சைனப் ஓடி வந்தால் கையை நீட்டி, "அங்கனயே நில்லு" என்பாள். ஐந்து வயதுப் பிள்ளை வாசற்படியில் நின்றுகொள்ளும். மெஹராஜ் அதற்குத் தலை வாரிவிட, சாயிரா சுவரோரம் சாய்ந்தபடி, "வகிடு கோணலா போவுது பாரு" என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

"டாக்டரு சரியாயிட்டுன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். அப்புறம் இவள மடியவிட்டு எறக்க மாட்டேன்."

அடுத்த ஸ்கேனில் வளையங்கள் அநேகமாக மறைந்திருந்தன. டாக்டருக்கும் சந்தோஷம். இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்று வீக்க மாத்திரையை மட்டும் குறைத்தார். அது குறையக் குறைய சாயிராவின் நாக்கு குழறியது. பிறகு நடை போயிற்று, ஆள் அடையாளம் போயிற்று. புதிய படத்தில் வளையமே இல்லை. மூளையின் நடுவே இருபுறமும் படர்ந்த வெள்ளைத் திட்டு. டாக்டர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். மண்டையைத் திறந்து அரிசியளவு சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வந்தபோது வராந்தாவில் லேடி டாக்டர் சொல்லச் சொல்ல, மெஹராஜ் அதை அக்காவின் புருஷன் ஜெயினுலாப்தீனுக்கு எடுத்துச் சொன்னாள்.

"டிபி இல்லையாம், மச்சான். லிம்போமாவாம், மூளைக்குள்ளயே வர்ற புத்துநோய். வழக்கமா இப்படி வளையமா தெரியாதாம், அதுல ஏமாந்துட்டாங்க. வீக்கத்துக்குக் குடுத்த மாத்திரையில இது கொஞ்ச நாளைக்குக் கரைஞ்ச மாதிரி போயிருமாம். நாம டிபி மருந்துதான் கேக்குதுன்னு நெனச்சிருக்கோம்."

ஜெயினுலாப்தீன் ஒன்றை மட்டும் கேட்டார்.

"அப்ப இது ஒட்டாதா?"

"ஒட்டாது, மச்சான்."

அன்று மாலை மெஹராஜ் அதையே அக்காவின் காதருகே குனிந்து சொன்னாள். சாயிராவின் கண்கள் திறந்தே இருந்தன. கேட்டதோ என்னவோ. பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். கரண்ட் என்று சொல்லும் கதிர்வீச்சு வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். அதைத் தாங்கும் உடம்பு அதற்குள் இல்லாமல் போயிற்று.

வெள்ளைத்துணி சுற்றிக் கற்பூரம் தூவி, முகத்தை மட்டும் திறந்து வைத்தார்கள். பெண்கள் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். சந்திலிருந்து யாரோ, "நேரமாவுது" என்று குரல் கொடுத்தார்கள்.

சைனப் வாசற்படிக்கு அந்தப்புறமே நின்றுகொண்டிருந்தது.

"இங்க வாளா, உம்மாவப் பாரு" என்றாள் மெஹராஜ்.

"கிட்ட வரக்கூடாதுன்னு உம்மா சொல்லிருக்கு."

"இப்ப வரலாம்."

பிள்ளை தாயின் முகத்தையே பார்த்தது. அங்கிருந்து ஒன்றும் சொல்லவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டதுபோல மெல்லப் படி தாண்டி வந்தது. பக்கத்தில் மண்டியிட்டு, கன்னத்தைத் தாயின் கன்னத்தோடு சேர்த்துப் படுத்துக்கொண்டது.

வெளியே மறுபடியும் கூப்பிட்டார்கள். மதீனா பீவி முகத்தை மூட வேண்டிய துணியின் நுனியைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.